நட்ட நடுவில் கருப்பு

அக்கா வேலையை விட்டுவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி செய்தார்கள். வேலை கிடைத்ததற்குக் கேசரி செய்கிற வீடுகள் உண்டு. வேலையை விட்டதற்குச் செய்த வீடு, செம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்து எங்களுடையது மட்டும்தான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் அக்கா இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், இன்ஜினியரிங் படிக்கிற பையன்களின் புராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாம் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். இனி அதே வேலையை வீட்டிலேயே, சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யப் போகிறாள். கேசரி அதற்காக. கடை முதலாளி நல்ல மனுஷர். போகிற பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா அன்றைக்கே கூடத்தில் ஆணி அடித்து அதை மாட்டினார்.

அப்பாவுக்கு ஆணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி எட்டு மாதமாகியிருந்தது. கம்ப்யூட்டருக்காக அம்மா தன் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். கழற்ற அதற்கு மேல் வீட்டில் எதுவும் இல்லை. அந்தப் பெட்டி ஓடினால்தான் குடும்பம் ஓடும் என்பது, அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கே தெரிந்திருந்தது.

முழுக் கம்ப்யூட்டராக வாங்கக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே சேர்ப்பது என்று அக்கா முடிவு செய்தாள். கடைக்கு ரிப்பேர் பார்க்க வருகிறவரின் பக்கத்தில் நின்று நின்று அவள் அந்த வேலையைப் படித்திருந்தாள். சனிக்கிழமைதோறும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவாள். ஒரு வாரம் கீபோர்டு, ஒரு வாரம் வெறும் தகரக் கூடு, இன்னொரு வாரம், மற்ற எல்லாப் பாகமும் வந்து சேர்கிற மதர்போர்டு. அதை அம்மாவின் பழைய நூல் புடவையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மேசை மட்டும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அஸ்தினாபுரத்திலிருந்து அத்தை தன் பழைய தையல் மேசையை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பினாள். வண்டிக்காரர் அதை இறக்கிவிட்டு, "இன்னாமா, டைலர் கடையா வெக்கப் போறீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்று அப்பா சொன்னதும் மனுஷர் துண்டை எடுத்து மேசையை ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அத்தை இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடக்காது. நடந்தால் அது நல்ல காரியத்தில் சேராது. நாள் பார்த்ததும் அத்தைதான். வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட வேண்டும், பத்தரைக்கு ராகு காலம். கோடை விடுமுறை என்பதால் நானும் வீட்டில்தான் இருந்தேன்.

அக்கா காலை ஆறு மணிக்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தகரக் கூடு அவள் முன்னால் வயிறு திறந்து படுத்துக் கிடந்தது. திருகாணிகள் தொலையக் கூடாது என்று அத்தனையையும் உதட்டில் கவ்வியிருந்தாள். அதனால் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவளிடமிருந்து 'ம்' என்பதற்கு மேல் பதில் வரவில்லை. கூட்டின் ஒரு மூலையில் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி இருந்தது. வீட்டுக் கரண்டை வாங்கி, போர்டு தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. அதிலிருந்து போர்டுக்குப் போகிற ஒயர்கள் இரண்டு பிளக்குகளில் முடிந்தன. இரண்டும் ஒரே அச்சு, ஒவ்வொன்றிலும் ஆறு ஒயர். போர்டில் நீளமாக ஒரே ஒரு வரிசை. அந்த வரிசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும். அக்கா ஒன்றை லேசாகச் சாய்த்துச் செருகி நிமிர்த்தினாள், பிறகு மற்றதை. குனிந்து பார்த்தாள். இரண்டையும் கழற்றி மறுபடி செருகினாள், மறுபடி குனிந்து பார்த்தாள். மூன்று தடவை இப்படி. ஏன் என்று கேட்டேன். 'ம்' என்றாள்.

ஒன்பதரைக்கு அத்தை தட்டும் தேங்காயுமாக வந்து சேர்ந்தாள். வந்ததும் முதல் வேலையாக, "குளிக்காமகூட உக்காந்துகினு கீறியா? எழுந்து போய் தலைக்கு ஊத்திகினு வா" என்று அக்காவைக் கிணற்றடிக்கு விரட்டினாள். திறந்து கிடந்த கூட்டுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, நல்ல நாளும் அதுவுமா நட்ட நடுவுல இத்தினி கருப்பு?"

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று பார்க்க லட்சணமான ஒயர்களெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்க, சரியாக நடுவில் நாலு கருப்பு ஒயர்கள் சேர்ந்து நின்றன. அத்தை முணுமுணுத்துக்கொண்டே கற்பூரம் தேடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கருப்பு விஷயத்தில் நான் அத்தையின் கட்சி. கருப்புக் கரை போட்டது என்பதற்காக ஒரு தீபாவளிப் பாவாடையையே திருப்பிக் கொடுத்த குடும்பம் நாங்கள். அக்காவுக்குப் பாவம் இதெல்லாம் தோன்றியிருக்காது, வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு பிளக்கையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிப் போட்டால் கருப்பு இரண்டு ஓரத்துக்கும் போய்விடும், சிவப்பு நடுவுக்கு வந்துவிடும். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி. சாய்த்துச் செருகி நிமிர்த்த வேண்டும் என்பதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனே. ஒரு நிமிட வேலை. முடித்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அக்கா வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று காத்திருந்தேன்.

அக்கா ஈரத் தலையோடு வந்தாள். "மணி பத்தே கால் ஆவுது, சீக்கிரம் மூடுடி" என்று அத்தை அவசரப்படுத்தினாள். அக்கா மூடியைப் பொருத்தி முடுக்கினாள். என் கைவேலையை ஒருவருமே பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தேங்காய் உடைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. சுவிட்சை அம்மா போட வேண்டும் என்று அக்கா சொன்னாள். அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கையில் அன்று கண்ணாடி வளையல்கள். பயந்து பயந்து அழுத்தினாள். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கற்பூர வாசனையையும் மீறிக்கொண்டு ஒரு கருகல் நாற்றம். திரையில் ஒன்றும் வரவில்லை.

அக்கா பாய்ந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றிக் குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒருவழியாகப் பார்த்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நான் சிரித்தேன்.

அவள் கண் கொஞ்ச நேரம் என் முகத்திலேயே இருந்தது. அடுத்த நொடி, யாரும் பக்கத்தில் வருவதற்குள், உள்ளே கையை விட்டு அந்த இரண்டு பிளக்குகளையும் போர்டிலிருந்து உருவிவிட்டாள்.

"என் தப்புதான். அவசரத்துல சரியா பாக்காம விட்டுட்டேன். போர்டு போயிடுச்சு" என்றாள்.

"பொட்டப் புள்ள செய்யற வேலையாடி இது?" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அவர் அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. "ஒரு ஆள வச்சு செஞ்சிருக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்காவுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அம்மா, உடைத்த தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சட்னி அரைத்தாள்.

திங்கட்கிழமை காலை அக்கா பழைய கடைக்கே போய் நின்றாள். அன்றைக்கு அவள் வாசற்படியில் செருப்பைப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலாளி காரணம் எதுவும் கேட்கவில்லையாம். "லீவு முடிஞ்சுதாம்மா?" என்று சொல்லிப் பழைய நாற்காலியையே காட்டினாராம். அந்த மனுஷர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைக்கூடக் கடை வேலை முடிந்த பிறகு அங்கேயே அடித்துக்கொள்ள விட்டார். பிரிவுக்கென்று அவர் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் அக்கா மூன்று மாதம் தினமும் எட்டு மணிக்குக் கிளம்பினாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் இன்னொரு போர்டு நூல் புடவையில் வந்தது. அத்தை மறுபடியும் நாள் பார்த்தாள், மறுபடியும் தேங்காயோடு வந்தாள். இந்தத் தடவை அக்கா உதட்டில் திருகாணி இல்லை, எல்லாம் ஒரு கிண்ணத்தில் இருந்தன. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இரண்டு பிளக்கிலும் கருப்பு ஒயர்கள் இருக்கிற ஓரத்தில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

"ரெண்டு பொட்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி நிக்கணும். எப்பவும். நீயே போடு பாக்கலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாய்த்துச் செருகி நிமிர்த்தினேன். அக்கா குனிந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினாள். அத்தை எட்டிப் பார்த்தாள். நடுவில் அதே நாலு கருப்பு ஒயர்கள்தான், ஆனால் மேலே சிவப்பாக இரண்டு பொட்டு. "ஆங், இப்பதான் லட்சணமா கீது" என்றாள். அம்மா சுவிட்சை அழுத்தினாள். 'கீக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. திரை முழுக்கக் கன்னங்கரேல் என்றுதான் இருந்தது. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார், இந்த முறை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வருவதற்காக.

அந்தத் தையல் மேசையில் அக்கா அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டுகளில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மாவின் கையில் வளையல் மறுபடி ஏறியதும், நான் இன்ஜினியரிங் படித்ததும் அதில்தான். அந்தப் படிப்பின் இரண்டாம் வருடம், லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு சார் பாடம் நடத்தினார். இந்த இரண்டு பிளக்குகளைச் செருகும்போது கருப்பும் கருப்பும் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும், மாற்றிப் போட்டால் போர்டு அந்த நிமிடமே போய்விடும் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என்னால் பேனாவைத் தூக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்காவிடம் கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி. நான்தான் அவசரத்துல பாக்காம விட்டேன்" என்றாள். பத்து வருடத்துக்கு முந்திய வாடிக்கையாளரின் இனிஷியலைக்கூட மறக்காதவள் அவள். மூன்று மாதம் கடையில் தலைகுனிந்து உட்கார்ந்ததும், அப்பாவின் அந்த ஒரு வாக்கியமும் அவளுக்கு மறந்துவிட்டதாம். அன்றைக்கு அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தையின் வாய் அடைத்துப் போயிருக்கும். நானும் அதற்குப் பிறகு எந்த ஒயரையும் தொட்டிருக்க மாட்டேன். இன்றைக்கு நான் சோறு தின்பது ஒயரைத் தொட்டுத்தான். அக்காவுக்கு இதற்கெல்லாம் நன்றி சொல்ல வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த வெள்ளிக்கிழமை மாலைதான். அத்தை போய்விட்டாள். அப்பா இன்னும் திரும்பவில்லை. அக்கா கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லோரும் திட்டிவிட்டார்கள், நாமாவது ஆறுதல் சொல்லலாம் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டேன்.

"பரவால்லக்கா. தப்பு எல்லாரும்தான் பண்ணுவாங்க. அடுத்த தடவ நல்லா பாத்துப் போடு, என்ன?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கலைந்திருந்த என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"சரிடி" என்றாள்.

அவளை மன்னித்துவிட்ட நிம்மதியில் நான் விளையாடப் போனேன்.