உப்புக் குறைந்த கிணறு

எண்ணெயில்லாமலே வாழலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால், எனக்குப் புத்தூரில் கண்ட தோட்டக்காரர்தான் நினைவுக்கு வருவார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஓடாத இறைப்பு மிசினின் சில்லு இறுகிவிடாமலிருக்கத் தினமும் அதைக் கையால் ஒருமுறை சுற்றுவார். பிறகு நீரிறைக்கும் துலாவில் ஏறி மிதிப்பார். மனைவி கிணற்றடியில் குனிந்து வாளியைக் கவிழ்ப்பார்.

எனக்கும் ஒரு செம்பு தண்ணீர் தந்தார். இனித்தது.

“மிசின் உறிஞ்சின காலத்திலை ஒரே உப்பு, தம்பி. இப்பதான் குறைஞ்சிருக்கு” என்றார் தோட்டக்காரர்.

“அப்ப எண்ணெய் வந்தாலும் மிசினைப் போடாதேங்கோ, அண்ணை.”

“போடுவன்.”

“திரும்ப உவர்க்குமே?”

“ஓம், உவர்க்கும்.” மனைவியைக் கண்ணால் காட்டினார். “உவவுக்கு இடுப்பு நிமிருமெல்லோ.”

வெறும் செம்பை அவர் மனைவியிடம் நீட்டினேன். குனிந்தபடியே வாங்கிக்கொண்டார்.