கண்ணாடி நூலும் சங்கிலிப்பாண்டியின் பல்லும்

கம்பியின் நுனியை முன்பற்களுக்கு நடுவில் வைத்து, தலையை ஒரு வெட்டு வெட்டினால் பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். அதைத் துப்பிவிட்டு, உள்ளே மின்னும் செம்பை இன்னொரு செம்போடு முறுக்குவார் சங்கிலிப்பாண்டி. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிச் சாலையோரம் டெலிபோன் கேபிள் குழிக்குள், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, ஒரு நாளைக்கு இருநூறு தடவை. உரிப்பதற்கென்று இலாகா கொடுத்த கருவி பளபளப்புக் குறையாமல் பைக்குள் தூங்கும். கேட்டால், "அதை எடுக்கணும், பிடிக்கணும், உரிக்கணும். அதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிட்டு வந்திரலாம் சேட்டா," என்பார்.

முன்பற்கள் தேய்ந்து, நடுவில் நெல்மணி நுழையும் சந்து விழுந்திருக்கிறது. "இருபத்தாறு வருச சர்வீசுக்குக் கெடைச்ச மெடலு," என்று இளித்துக் காட்டுவார். மிளகு மண்டிக்காரர் ஆலப்புழைக்குப் பேசும் விலையும், பெண் வீட்டார் பேசும் சம்பந்தமும் இந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன என்பது அவர் கட்சி.

எண்பத்தெட்டில் கண்ணாடி நூல் வந்தது. பயிற்சி வகுப்பில் என்ஜினீயர் அனந்தநாராயணன் தலைமுடி தடிமனில் ஓர் இழையைத் தூக்கிக் காட்டினார். இதற்குள் வெளிச்சம்தான் ஓடும். இன்றைக்கு ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் பேசலாம். பல நிற வெளிச்சங்களை ஒரே இழையில் சேர்த்து அனுப்ப ஆராய்ச்சி நடக்கிறது, அது பலித்தால் லட்சம் பேர் பேசலாம், சினிமாவே அனுப்பலாம் என்றார்.

"அப்ப எந்தலையில மிச்சமிருக்க நாப்பது முடி போதும் சாரே. கேரளம் மொத்தமும் பேசித் தீத்துரும்," என்றார் சங்கிலிப்பாண்டி. வகுப்பே சிரித்தது.

சிரிக்க வைத்தாரே தவிர, அவர் கண் அந்த இழையை விட்டு நகரவில்லை. மட்டாஞ்சேரிப் பிரிவிலிருந்து, இழைகளை உரித்து நுனியோடு நுனி ஒட்டும் புது வேலைக்கு ஒரே ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள். கூடாரத்துக்குள் மேசை நாற்காலி போட்டுச் செய்கிற வேலை. மற்றவர்களுக்குப் பழைய குழிதான். ஐம்பது வயதில், சேற்றுப்புண் ஆறாத காலோடு, அவருக்கு அந்த நாற்காலி வேண்டும். வாழ்க்கையில் இத்தனை ஆசையாக அவர் எதையும் கேட்டதில்லை.

தேர்வன்று இழையைக் கையில் கொடுத்து, மேல்பூச்சை உரிக்கச் சொன்னார்கள். கருவி மேசைமேலேயே இருந்தது. பழக்கம் யாரை விட்டது? இழை நேரே வாய்க்குப் போயிற்று. தலை ஒரு வெட்டு வெட்டிற்று. நொறுக்கென்று இழை முறிந்தது.

"துப்புங்கோ, முழுங்கிடாதீங்கோ," என்று பதறி ஓடிவந்தார் அனந்தநாராயணன். உதட்டில் ஒரு சொட்டு ரத்தம்.

"ரெண்டாயிரம் பேரு பேசுறது வாய்க்குள்ள கேக்குது சாரே," என்றார் சங்கிலிப்பாண்டி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தாளில் சிவப்பு மையால் கோடு போடப் போன என்ஜினீயர் கையை நிறுத்தினார். "திங்கட்கிழமை இன்னொரு தடவை வாங்கோ. அதுதான் கடைசி."

அந்த வாரம் முழுக்க மனைவி அங்கம்மாளின் சீப்பில் சிக்கிய முடிகளை எடுத்து, நுனியோடு நுனி சேர்த்துப் பழகினார். மூச்சுவிட்டால் பறந்தது. "கையி படிஞ்சிருச்சு புள்ள. இந்த வாயிதான் சனியன்," என்றார்.

"முடி கொட்டுதுன்னு நான் அழுதப்ப ஒரு நாள் கேட்டியளா?" என்றாள் அவள். ஆனாலும் தலை வாரி முடித்ததும் சீப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

திங்கட்கிழமை அனந்தநாராயணன் இழையை நீட்டினார். சங்கிலிப்பாண்டி உடனே வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, வாயைச் சுற்றிக் கட்டி, பின்னந்தலையில் இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார்.