அறுபத்தாறு மரம்

விடுதி வாசலிலிருந்து மைதானத்து வேலி வரை பதினான்கு விளக்குக் கம்பங்கள். சபாபதி ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடப்பான். ஒன்று தவறிவிட்டால் திரும்பிப் போய்த் தட்டிவிட்டு வருவான். பதினான்காவதற்கு அப்பால் தட்ட எதுவும் இல்லை. அங்கே அவன் கை சட்டைப் பைக்குள் ஒளிந்துகொள்ளும்.

மலாயாவில் மேரு என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டும் ரெங்கசாமியின் மகன். வயது பத்தொன்பது, உயரம் ஐந்தடி நான்கங்குலம், அகன்ற பாதம். அப்பாவுக்குக் காலைப் பசியாறலைத் தூக்குச்சட்டியில் ஏந்தி மர நிரை வழியே ஓடிப் பழகியவன். மரத்துக்கு மரம் இருபதடி. தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பார்த்த தோட்டத்து மானேஜர் சிபாரிசு செய்ய, 1935 ஜனவரியில் கோலாலம்பூரில் ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. படிப்பும் விடுதிக் கட்டிலும் அவன் கால்களை நம்பிக் கொடுத்தவை.

மைதானத்தில் மரம் இல்லை. மேலே வெறும் வானம், சுற்றிலும் பார்க்கிற கண்கள். பிப்ரவரி 16, மார்ச் 9 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும், பந்தயம் தொடங்கும் துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓட்டக் கோட்டிலிருந்து விலகிப் போய் வேலியோரம் வாந்தியெடுத்தான். தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைவான், வாய்க்குப் போகாது. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும், "சுகமாக இருக்கிறேன், நன்றாக ஓடுகிறேன்."

"என்னடா தோட்டத்து மானு, இன்னிக்கும் வயித்து வலியா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். மூன்றாம் முறை விலகினால் அணியிலும் இடமில்லை, விடுதியிலும் இடமில்லை என்று விளையாட்டு ஆசிரியர் சொன்ன அன்று, தகரப் பெட்டியில் துணியை அடுக்கத் தொடங்கினான்.

பக்கத்துக் கட்டில் கிரிகரியுடையது. கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், ஒரு வருடம் மூத்தவன், ஓயாத வாய்.

"பொட்டிய ஏன்டா கட்டுற? ஒனக்கு என்னதான் செய்யுது?"

"நெஞ்சுல யாரோ ஏறி ஒக்காந்த மாரி இருக்குண்ணே. காலு நல்லாத்தான் இருக்கு. கோட்டுல நின்னா எல்லாம் வெட்டவெளியா கெடக்கு. தொட ஒண்ணும் இல்ல. எங்க இருக்கேன்னே தெரியல."

"கம்பத்தத் தட்டுறியே, அதுக்குத்தானா?"

"சிரிக்காதீங்கண்ணே."

"நான் எங்கடா சிரிச்சேன்?"

உண்மையாகவே அவன் சிரிக்கவில்லை. தோட்டத்தில் மரத்தைத் தொட்டு எண்ணி ஓடிய கதையை முன்பே கேட்டிருந்தவன், பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

"ஒரு ரவுண்டுக்கு எத்தன மரம் வரும்?"

சபாபதி யோசிக்கவே இல்லை. "நானூத்தி நாப்பது கெஜம். அறுபத்தாறு."

"அத்தன மரத்துக்கு நான் எங்கடா போவேன்? ஒரு மரம்னா சொல்லு, நானே வந்து நிக்கிறேன்."

ஏப்ரல் 6, சனிக்கிழமை, மாலை நான்கு இருபது. கடைசி வளைவின் உள்பக்கப் புல்லில் கிரிகரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சபாபதி கோட்டில் வந்து நின்றான். வானத்தைப் பார்க்காமல் தூரத்தில் கிரிகரியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். துப்பாக்கி வெடித்தது. கால் ஓட, உதடு மரங்களை எண்ணத் தொடங்கியது.

வளைவுக்கு வரும்போது முன்னால் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிரிகரி கையை அவிழ்த்து, தோளைச் சற்றே முன்னால் கொடுத்தான். சபாபதி வேகத்தைக் குறைக்கவில்லை. இடது உள்ளங்கையை நீட்டி அந்தத் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அம்பது" என்று சொல்லிக்கொண்டே போனான்.