"தேவைப்படல"ன்னு சொன்ன பொம்பளைங்க

கியூபிக்கிள் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வறட்டு இருமல்... வாயைப் பொத்திக்கிட்டு, யாருக்கும் தொந்தரவு வேணாம்னு இருமுற இருமல். 2004 குளிர்காலம்னா எனக்கு அந்தச் சத்தம்தான்.

அப்ப நாங்க அமெரிக்கால, பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்ல இருந்தோம். பக்கத்துலயே ஒரு சின்ன ஆபீஸ்ல எனக்கு டேட்டா வேலை. கிர்கிஸ்தான்ல வீடு வீடா போய் எடுத்த ஹெல்த் சர்வே எங்ககிட்ட வந்திருந்துச்சு.

இருமினது குல்னாரா. அந்த நாட்டுக்காரங்க, அம்பது வயசு இருக்கும். சோவியத் காலத்துல ஒரு மலைகிராமத்துல டாக்டர். சோவியத் உடைஞ்சப்புறம் மாசக்கணக்குல சம்பளம் வரலையாம்... ஒரு தடவை சம்பளத்துக்குப் பதிலா மாவு மூட்டை குடுத்தாங்களாம். இங்க எங்க ஆபீஸ்ல தற்காலிகமா ஒரு டெம்ப் வேலை. ரஷ்யன் ஃபார்மையும் அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் வச்சு சரிபாக்கணும்.

சர்வேல ஒரு கேள்வி, "போன வருஷம் ஏன் டாக்டர்கிட்ட போகல?" மலைகிராமத்துப் பொம்பளைங்க நிறைய பேர் "தேவைப்படல"ன்னு சொல்லியிருந்தாங்க. நான் அவங்களை எல்லாம் ஆரோக்கியமானவங்கன்னு சேத்துட்டேன். தலைநகரத்தை விட கிராமம் நல்லா இருக்குன்னு டேபிள் வந்துச்சு. பாஸுக்கு ஒரே குஷி.

அன்னிக்கு லஞ்ச் ரூம்ல கேட்டேன், "மூணு வாரமா இருமுறீங்க, டாக்டர்கிட்ட காட்டலையா?"

"தேவையில்ல"ன்னாங்க.

அப்புறம் என்னைப் பாத்து சிரிச்சாங்க.

"எனக்கு இன்சூரன்ஸ் இல்லம்மா, டாக்டர் ஃபீஸ் கட்ட முடியாது. அதை உன்கிட்ட எப்படி சொல்றது? உன் டேபிள்ல இருக்கிற பொம்பளைங்களும் இப்படித்தான். பஸ் கிடையாது, மருந்து வாங்க வழியில்ல. முன்னபின்ன தெரியாதவங்க வாசல்ல வந்து கேட்டா வேற என்ன சொல்லுவாங்க?"

சாப்பாட்டு டப்பாவை மூடிட்டேன்.

சீட்டுக்குப் போய் மத்த பதில்களைப் பாத்தேன். உடம்புக்கு என்னன்னு கேட்ட இடத்துல அதே பொம்பளைங்க முதுகுவலி, மயக்கம், மூச்சிரைப்புன்னு வரிசையா சொல்லியிருந்தாங்க.

பாஸ்கிட்ட போனேன். "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டுக்கு டெட்லைன், இப்ப வந்து சொல்றியே"ன்னார். என் H-1 விசா அந்த ஆபீஸ் கையில. வேலை போனா நாட்டை விட்டே கிளம்பணும்... ஆனாலும் சொன்னேன், "தப்பு என்னோடது. ரெண்டு நாள் குடுங்க, திருப்பி ரன் பண்றேன்."

முறைச்சார். குடுத்தார். டேபிள் தலைகீழாச்சு. ரிப்போர்ட்ல கிராமம் நல்லா இருக்குங்கிற பாரா போயிடுச்சு.

அந்த சனிக்கிழமை குல்னாராவை ஒரு ஃப்ரீ கிளினிக்குக்கு நானே டிரைவ் பண்ணி கூட்டிட்டுப் போனேன். நிமோனியா. மருந்து குடுத்தாங்க, சரியாச்சு. வசந்தகாலத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சு சிகாகோல தங்கச்சி வீட்டுக்குப் போனாங்க. ரெண்டு தடவை போன்ல பேசினோம்... அப்புறம் நம்பர் மாறிடுச்சு.

இப்ப வேற ஊர், ஃபிரிஸ்கோல வீட்ல இருந்தே வேலை. எந்த நாட்டு சர்வேயா இருந்தாலும் காலைல அங்க டேப்லட் கம்ப்யூட்டர்ல எடுத்தா சாயங்காலம் என் ஸ்க்ரீன்ல நிக்குது. வேகமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஊர் ஆள் ஒருத்தரைப் பக்கத்து சீட்ல வச்சுக்கிட்டு வேலை பாத்தது அந்த ஒரு குளிர்காலம்தான்.

அவங்க இருந்தப்பவே இன்னும் நாலு விஷயம் கேட்டிருக்கலாம்.