காது வைக்காத பெண்

திருச்சியில் ஓவியம் படிக்கும் பெண் அவள். ஒல்லி உருவம், நகக்கண்ணெல்லாம் பெயின்ட். எதையும் கண்ணை மூடித் தடவிப் பார்த்த பிறகே கையில் எடுப்பாள்.

கல்லூரியில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒருவரைப் பார்க்காமல், பேச்சை மட்டும் கேட்டு, கிடைத்த பொருள்களை ஒட்டி அவர் முகத்தைச் செய்ய வேண்டும். வீட்டார் அடையாளம் காட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நன்றாகப் பேசும் ஆள் வேண்டுமென்று அவள் விசாரிக்க, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே என் வீட்டைக் கை காட்டியிருக்கிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவளைத் தோழி ஒருத்தி என் எதிரே உட்காரவைத்துவிட்டுப் போனாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லாததால் இரண்டு மணி நேரம் பேசினேன்.

கல்லூரிக் கண்காட்சியில் பதினைந்து முகங்கள் மாட்டியிருந்தன. அவள் நகத்தைக் கடித்தபடி நிற்க, என் மனைவி நேராகப் போய் ஒன்றைத் தொட்டாள்.

"இவர்தான்."

சாக்குத்துணி முகம். அரியமங்கலம் லேத் பட்டறை இரும்புச் சுருளில் அடர்த்தியான தலைமுடி. எனக்கு முடி போய்ப் பத்து வருடம் ஆகிறது.

"எப்படி ஆன்ட்டி கண்டுபிடிச்சீங்க?" என்று துள்ளினாள் அவள்.

"அதான் காதே இல்லையேம்மா!"

"முடியெல்லாம் குடுத்துட்டு காதை மறந்துட்டியேம்மா?" என்றேன் நான்.

"மறக்கல சார். குடிக்கத் தண்ணி வேணும்னு நாலு தடவை கேட்டேன். நீங்க முக்கொம்பு அணையில வழுக்கி விழுந்த கதையை விட்டு வெளிய வரவே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றே கண்கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவ்வளவு தாகத்தோடு கடைசிவரை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.