வைரவருக்குக் கொண்டுபோன பொட்டலம்

எங்கள் ஊரில் சித்த வைத்தியர் லேகியத்தில் கஞ்சா சேர்க்கலாம். அதற்கு அவரிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறது. வைரவரிடம் அப்படிக் கடிதம் ஒன்றும் இல்லை. ஆட்டிறைச்சிக் கறிக்கு இரண்டு இலை கிள்ளிப் போடுகிற வீடுகளைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. அந்தக் கறியை நானும் ருசித்துச் சாப்பிட்டவள்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்குக் கீழே, துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன வைரவர் கோயில். வருடத்துக்கு ஒரு மடை, பெரிய படையல். வாழையிலையில் ரொட்டி, வடைமாலை, சுருட்டு, வெற்றிலை, ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கஞ்சாப் பொட்டலம். பூசை முடிய அதைத் தணலில் போட்டுவிடுவார்கள். ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துப் புகை போகிற பக்கமாக நகர்கிற ஆண்களுக்குப் பக்தி முற்றிவிடும். மடைச் சாமான் கொடுக்கிற முறை குடும்பத்துக்குக் குடும்பம் மாறி வரும். போன வருடம் எங்கள் முறை.

பூசாரியாருக்குத் தொழில் ஓட்டோ ஓட்டுவது. என்னைவிடப் பத்து வயது இளையவர். மற்ற நாட்களில் எனக்கு அவர் தம்பி. மடைக்குக் காப்புக் கட்டிவிட்டால் பூசாரியார். காப்புக் கட்டிய எட்டு நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, பொய் இல்லை. மச்சத்தை விடுவது என்ன பெரிய காரியம்? ஓட்டோக்காரர் ஒருவர் எட்டு நாள் பொய் சொல்லாமல் இருப்பதைத்தான் நான் வாயைப் பிளந்து பார்ப்பேன். "அஞ்சு நிமிசத்தில வாறன்" என்ற பேச்சே வராது. "அரை மணித்தியாலம் ஆகும் அக்கா" என்பார். அப்படியே ஆகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மடைச் சாமானை முறைக்காரர் பூசாரியின் இரண்டு கையிலும் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அதோடு சரி. பிறகு அது எங்கள் சாமான் இல்லை. நல்லது கெட்டது எல்லாம் அவர் பொறுப்பு. கோயில் வாசலில்தான் வழக்கமாக அதைக் கொடுப்போம்.

மடை நாள் காலையில் அவருடைய ஓட்டோவில்தான் சந்தைக்குப் போய்த் திரும்பினேன். பை என் மடியில். வெற்றிலைக்கு அடியில் பொட்டலம். அதை எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள். பஸ் நிலையத்தடியில் பொலிஸ் மறித்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஓட்டோவில் பைகளையெல்லாம் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கச்சேரியில் இருபத்திரண்டு வருடமாக அரசாங்க வேலை பார்க்கிறவள். ஒரு வழக்கு வந்தால் வேலை போய்விடும். மீன்காரரிலிருந்து மேலதிகாரி வரைக்கும் என் வாய்க்குப் பயம். அன்றைக்கு அந்த வாய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த பூசாரியார் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்.

"தாங்கோ அக்கா."

கொடுத்தேன். பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் பொலிஸ்காரர் வந்துவிட்டார்.

"ஆற்ற பை?"

"என்ர."

"உள்ளுக்கு என்ன?"

"வைரவற்ர மடைச் சாமான். கஞ்சாவும் கிடக்கு."

கடவுளே, கேட்காததையும் சொல்கிறாரே என்று எனக்குப் பதறியது. அவரையும் ஓட்டோவையும் கொண்டுபோனார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் பொலிஸ் பிணையில் வந்து, யாரோ ஒருவரின் சைக்கிளில் கோயிலுக்கு வந்து, குறையில்லாமல் பூசை செய்தார். இலையின் ஓரம் வெறுமையாக இருந்தது.

ஓட்டோ பொலிஸ் வளவில் வெயில் காய்ந்தது. அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளவும் கூடும் என்றார் சட்டத்தரணி. பயணியின் பை, எனக்குத் தெரியாது என்று சொன்னால் வண்டி வந்துவிடும் என்று வழியும் காட்டினார். அதற்குள் காப்பு அவிழ்த்து நாளாகிவிட்டது. பொய் சொல்லத் தடையில்லை. "காப்போட வாங்கினதை, இப்ப அவிட்டிட்டன் எண்டு கதை மாத்த ஏலாது" என்று மறுத்துவிட்டாராம். இதை என்னிடம் வந்து சொன்னது அவருடைய மனைவி. "நீங்கள் ஒரு சொல் சொன்னா ஓட்டோ வந்திடும் அக்கா. எங்களுக்கு வேறை பிழைப்பில்லை" என்றாள். நான் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். "யோசிப்பம்" என்றேன். வெட்கங்கெட்ட சொல் அது.

வழக்கு நாளில் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பை என்னுடையது என்ற அந்த ஒரு வசனத்தை வழியெல்லாம் பாடமாக்கினேன். அவர் கூண்டில் ஏறியதும் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டார்.

"நீர் பாவிக்கிறனீரோ?" என்று நீதவான் கேட்டார்.

"இல்லை ஐயா. சாமிக்கு."

"இதில வேறை ஆருக்கும் சம்பந்தம் இருக்கோ?"

நான் பாதி எழும்பினேன். வாங்குப் பலகை கிறீச்சிட்டது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா" என்றார், என் பக்கம் பார்க்காமலே.

தண்டப்பணம் விதித்து, இனி இப்படிச் செய்தால் வண்டி போய்விடும் என்று எச்சரித்து, ஓட்டோவை விடச் சொன்னார் நீதவான். அன்று அந்த ஓட்டோவில் ஏறிய முதல் ஆள் நான். ஏற மாட்டேன் என்றேன், அவர் விடவில்லை. துறைமுகத்து வளைவில் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"நான் எழும்பிச் சொல்லியிருக்க வேணும் தம்பி."

அவர் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார்.

"நல்ல காலம் நீங்கள் எழும்பேல்லை அக்கா. கண்ணில ஒற்றி வாங்கினாப் பிறகு அது என்ர சாமான். எழும்பியிருந்தா அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் பொய்க்காரனாகியிருப்பன்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல்லாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதை உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.