லாசரஸ் சார் கொடுத்த முகவரி

முடிச்சூர் மெயின் ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் என் வீடு. ஒண்டிக்கட்டை. கீதாவுக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுக்கப் போவதில்லை. அரசாங்கம் எதையாவது தருவதாக அறிவித்தால் சனங்கள் முதலில் வந்து நிற்பது என் கடையில்தான். ஆன்லைனில் மனுப் போட்டுத் தருவேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். என் கம்ப்யூட்டர் முன்னால் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள், ஒரு சாமிக்கு எத்தனை பூசாரி என்று தெரியும்.

கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று அறிவித்தபோதும் கூட்டம் வந்தது. ஈவ்லின் டீச்சர் வந்தது கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது. மே மாத மத்தியானம், கடையில் ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் லோகநாதன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். ஊரடங்கில் பள்ளியை மூடினார்கள், திறந்தபோது இவரைக் கூப்பிடவில்லை. குழந்தை இல்லை. கணவர் லாசரஸ் சார் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனிச் சலான்களையும் சர்ச் பாட்டுத் தாள்களையும் என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுப்பார். எண்ணிப் பார்த்து, ஓரம் தட்டி அடுக்கி, கடை சீல் குத்தின பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார். முதல் ஊரடங்கின்போது ஊருக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று டீச்சர் சொன்னார். எல்லோரும் நம்பினோம்.

"இன்னா டீச்சர், இந்த வெயில்ல?" என்றேன்.

ஜவுளிக்கடைப் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக். இறந்த இடம் சென்னை என்று போட்டிருந்தது.

"சாரு ஊர்லதானே பூட்டாரு? ஹார்ட் அட்டாக்னு சொன்னீங்க?"

"இல்ல சிஸ்டர். கொரோனாதான்." சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

மனுவை நிரப்ப நிரப்ப எல்லாம் வெளியே வந்தது. காய்ச்சல் தொடங்கிய தேதி கேட்டால், அன்றைக்கு வைத்த ரசம் வரைக்கும் சொன்னார். வீட்டு ஓனருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வார், கொரோனா வீடென்று வாசலில் தகரம் அடித்து அடைப்பார்கள் என்று பயம். யாரும் எழுந்திருக்குமுன் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாரைச் சேர்த்துக்கொண்டு டீச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சார் ஈ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார் என்று லோகநாதனிடம் சொல்லிவைத்தார். ஆறாம் நாள் சார் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்று, தூரத்தில் ஒரு வெள்ளை மூட்டையை இறக்குவதைப் பார்த்ததோடு சரி. வீட்டுக்கு வந்து, கீழே சத்தம் கேட்கக் கூடாதென்று தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதிருக்கிறார். ஒன்பது நாள், கணவன் ஊருக்குப் போன மனுஷியாகவே நடமாடினார். காய்கறி வண்டிக்காரர் "சார் எப்ப வரார்?" என்று கேட்டபோது, "அடுத்த வாரம்" என்று சொன்னாராம். அதற்கப்புறம்தான் மாரடைப்புக் கதை. போனில் நடந்த சர்ச் ஜெபத்தில்கூட அந்தப் பொய்யைத்தான் பாஸ்டர் சொல்லி ஜெபித்தார்.

"இத்தினி நாளு கழிச்சு இப்ப இன்னா டீச்சர்?"

"வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்க. ஜூன் முடியறதுக்குள்ள காலி பண்ணணும். பழைய அட்வான்ஸ் எல்லாம் வாடகை பாக்கியில போயிடுச்சு. மாடம்பாக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன், அட்வான்ஸ் நாப்பதாயிரம் கேக்கறாங்க. இந்தப் பணம் வரலன்னா எங்க போறதுன்னு தெரியல சிஸ்டர்."

எந்த வீடு போய்விடக் கூடாது என்று பொய் சொன்னாரோ, அந்த வீடே போகிறது.

பரிசோதனை முடிவு மட்டும் டீச்சரிடம் இல்லை. சாரின் செல்போனை இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தார். அதில் வந்திருந்த பரிசோதனை எண்ணைத் தட்டினேன். ஓ.டி.பி. வந்தது, தாள் திறந்தது. பெயர் லாசரஸ். வயது ஐம்பத்தெட்டு. பாசிட்டிவ். முகவரி: கீதா ஜெராக்ஸ், மெயின் ரோடு, முடிச்சூர்.

அது என் கடை.

முதல் ஊரடங்கு வந்த வருஷத்து ஜூலையை நான் மறப்பேனா? ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்து என் கடையில் தகரம் அடித்தார்கள். "உங்க அட்ரஸ்ல ஒரு கேஸ்" என்றார்கள். இங்கே நான் ஒருத்திதான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பேரைச் சொல்லக் கூடாதாம். எனக்குப் பரிசோதனை செய்து நெகட்டிவ் என்று வந்தது. அந்தத் தாளைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து வாசலில் ஒட்டினேன். ஒருவரும் கிட்டே வந்து படிக்கவில்லை. பதினாலு நாள் கழித்துத் தகரத்தைக் கழற்றினார்கள், கெட்ட பேர் கழலவில்லை. என் சொந்த அத்தை தாயாரம்மாள் பால் பாக்கெட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஓடினாள். கடைக்கு ஆள் வராமல் தவணை கட்ட முடியவில்லை, பெரிய ஜெராக்ஸ் மிஷினைக் கம்பெனிக்காரன் தூக்கிக்கொண்டு போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த முகவரியைக் கொடுத்தவன் நாசமாய்ப் போகட்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சபித்திருக்கிறேன். அவன் ஏற்கெனவே மண்ணுக்குள் போனவன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் எனக்குத் தெரியும். இப்படி முகவரி மாறிய மனுக்கள் இரண்டு என் கடையிலிருந்தே போய்த் திரும்பி வந்திருந்தன. பரிசோதனைத் தாளில் உள்ள முகவரிக்காரரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால், டீச்சருக்குப் பணம் வருவதும் வராததும் என் கையில்.

திரை என் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. "சர்வர் டவுன் டீச்சர், நாளைக்கு வாங்க" என்றேன்.

மறுநாளும் வந்தார். சர்வர் டவுன். அதற்கு மறுநாளும் சர்வர் டவுன். எங்கள் தொழிலில் இதைவிட வசதியான பொய் கிடையாது, யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. வெயிலில் நடந்து வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் அரைமணி நேரம் உட்கார்ந்து, லாசரஸ் சாருக்குக் கருவாடு பிடிக்காது, தாடி வைத்தால் அழகாக இருப்பார் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். நான் பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தேன். நடக்கட்டும், நான் பட்டதில் கால்வாசியாவது படட்டும் என்றிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

நான்காம் நாள் நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரே சொன்னார்: "சர்வர் இன்னும் சரியாகலையா? பரவாயில்ல சிஸ்டர். பணம் வரலன்னாலும் இங்க உக்காந்து அவரைப் பத்திப் பேசினேனே, அது போதும். ரெண்டு வருஷமா அவர் பேரையே நான் வாய்விட்டுச் சொல்லல."

எனக்குச் செருப்பால் அடித்தாற்போல இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பெயர், வயது, கடைசியில் முகவரி. அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தார்.

"நம்ம வீட்டு அட்ரஸ் குடுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. சட்டைப்பையில உங்க பில்லு இருந்திருக்கும். அதைப் பாத்துச் சொல்லியிருக்கார்."

கதவு நிலையில் தகரம் அடித்த ஆணித் துளைகளைக் காட்டினேன்.

"நீங்க தகரத்துக்குப் பின்னாடி நின்னு கத்துனீங்க இல்ல? நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில பாத்தேன் சிஸ்டர். யாரு செஞ்ச பாவமோன்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கமா ஒதுங்கிப் போனேன்." கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு வருஷம் தலையணைக்குள் அழுத அழுகை, என் கடையில் மெயின் ரோட்டுக்கே கேட்டது. நானும் அழுதேன். கோபத்தில் அழுதேனா, எதில் அழுதேன் என்று தெரியவில்லை.

பிறகு கடிதத்தை நானே டைப் அடித்தேன். மேற்படி லாசரஸ் என் முகவரியில் வசிக்கவில்லை, தகரத்துக்குப் பயந்து என் கடை முகவரியைக் கொடுத்துவிட்டார், அவர்தான் இறந்தவர், நான் அவரைப் பத்து வருஷமாக அறிவேன். இங்கேயே வாடகைக்கு இருந்ததாக ஒரு வரி போட்டால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். "வேணாம் சிஸ்டர், பொய் சொன்னது போதும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். கடிதத்தோடு வைக்கும் படிவத்தில், இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று அடித்தேன். சார் பில்லில் குத்தச் சொல்லும் அதே சீலைக் கீழே குத்தினேன். மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனசு காட்டவெல்லாம் எனக்கு வராது. அந்தப் பெரிய மிஷினை நினைத்தால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது.

மனுவும் கடிதமும் போனபின் அதிகாரிகள் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு முறையும் கடையைப் பூட்டிக்கொண்டு நானும் போனேன். ஜூன் இருபதாம் தேதி டீச்சரின் கணக்கில் பணம் ஏறியது.

காலி செய்கிற அன்று சொல்லிக்கொள்ள வந்தார். மூட்டை முடிச்சு ஏற்றிய குட்டியானை வண்டி ரோட்டோரம் நின்றது. கிளம்பாமல், பையின் வாயை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

"புது ரூம் ஓனர் அந்த அட்ரஸை எங்கயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார் சிஸ்டர். பேங்குக்கு, கேஸ் சிலிண்டருக்கு எல்லாம் ஒரு அட்ரஸ் வேணும். எனக்குக் கேக்க வேற யாருமில்ல." தலையைத் தூக்காமல் கேட்டார்: "உங்க கடை அட்ரஸ் குடுக்கட்டுமா?"

"இந்தத் தபாவாவது கேட்டுட்டுக் குடுக்கறீங்களே" என்றேன். "குடுங்க டீச்சர்."

இப்போது சனிக்கிழமைதோறும் மாடம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். "எனக்கு ஏதாவது தபால் வந்திருக்கா சிஸ்டர்?" என்று கேட்பார். ஒன்றும் வந்திருக்காது. அவருக்கு எழுத யார் இருக்கிறார்கள்? "இல்ல டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போடுவேன். கடை மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்.